சுளுக்கு எடுத்த கால்

நம் குரூப்பில் போன வாரம் ஒருத்தி அந்தப் பழைய போட்டோவைப் போட்டாளே, ஐந்தாம் வகுப்பு முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் நின்று எடுத்துக்கொண்டது, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குக் கீழே நீங்கள் அடித்த கூத்து வேறு. "நம்ம கால் டாக்டரு எங்கடி, சத்தத்தையே காணோம்" என்று ஒருத்தி. "எனக்கு இடுப்பு போச்சு, வீடியோ கால்ல மிதிப்பியா" என்று இன்னொருத்தி. அப்புறம் வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். நானும் ஒரு பொம்மை போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போட்டோவில் நான் இருக்கிறேன். இரண்டாம் வரிசையில், ஓரத்தில். என் இடது கால் மட்டும் முன்னால் நிற்கிறவளின் பாவாடைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. தற்செயலாக நடந்ததில்லை அது. என் கல்யாண போட்டோவிலும் அந்தக் காலுக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கு நிற்கும். குத்துவிளக்கை அங்கே நகர்த்தி வைத்தது நான்தான்.

அறுபதைத் தாண்டிவிட்டோம், இன்னும் என்னடி வெட்கம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அழித்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பொம்மை மட்டும் போடாதீர்கள்.

உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது எட்டிப் பார்த்துப் படித்தால் புரிய வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்த பிள்ளையின் காலுக்கு ஒரு சக்தி உண்டு என்பது நம் பக்கத்து நம்பிக்கை. முதுகு பிடித்துக்கொண்டவர், இடுப்புச் சுளுக்கிக்கொண்டவர் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து, அந்தப் பிள்ளை வீட்டு நிலைப்படியில் குப்புறப் படுக்க வேண்டும். பிள்ளை தன் காலால் அவர் முதுகை மேலிருந்து கீழாக நீவிவிடும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் படுத்திருந்தவர் எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். தொண்டிக்கும் காரங்காட்டுக்கும் நடுவில் இருக்கிற நம் கரையூரில் காலால் பிறந்தவள் நான் ஒருத்திதான். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள்.

என் பிறப்பை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தால், கேட்கிறவளுக்கே பிரசவ வலி வந்துவிடும். "மழைண்டா மழை, அப்பிடி மழை. மருத்துவச்சி கையை விட்டுப் பாக்குறா, தலையக் காணோம். குட்டிக் காலு ஒண்ணு வெளிய வந்து ஆட்டுது. இடது காலு. அதைப் புடிச்சு இழுத்துத்தான் இவளை எடுத்தா. இழுத்த இழுப்புல காலு திருகிக்கிருச்சு. ஆனா அந்தத் திருகுலதான் இருக்கு எல்லாம்" என்பாள். அந்த இடத்தில் எல்லாரும் என் காலைப் பார்ப்பார்கள். பாதம் உள்பக்கமாகத் திரும்பி, வெளி ஓரத்தை ஊன்றி நடக்கிற கால். சிலர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் கரைவலைப் பருவத்தில் சூடை மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கடலுக்குள் அரைவட்டமாக விட்ட வலையை இரண்டு பக்கமும் கரையில் நின்று இழுக்கிற வேலை உங்களுக்குத் தெரியும். முழுக்க இடுப்புக் கொடுத்து இழுப்பது. வலையின் மடியில் மீன் நிறைந்து கனத்துவிட்டால் இழுக்கிறவர்களின் கண் பிதுங்கிவிடும். ஊருக்கு மீன் சேரச் சேர என் வீட்டு வாசலில் முதுகுகள் சேர்ந்தன.

நான் பார்த்த முதுகுகளை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகும். உப்புப் பூத்து வெள்ளையாக வெடித்த முதுகு. செதில் ஒட்டிக் காய்ந்து மினுங்குகிற முதுகு. வேப்பெண்ணெய் நாற்றம், பீடி நாற்றம், இராத்திரி குடித்த கள்ளின் புளிப்பு. நான் தூக்கக் கலக்கத்தோடு நிற்பேன். அம்மா பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொள்வாள், நான் விழுந்துவிடாமல் இருக்க. சாணி மெழுகிய தரை சில்லென்று இருக்கும், அதிலிருந்து காலைத் தூக்கி வைத்தால் மனித முதுகு சுடும். அந்தச் சூடு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற பிள்ளைகள் நாம். நானோ, என்னைப் பெற்ற அய்யா எழுந்து நின்று "அண்ணே" என்று கூப்பிடுகிற மனிதர்களின் முதுகில் காலை வைத்துக்கொண்டிருந்தேன். கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஊறுகாய்ப் பானையையே பார்த்துக்கொண்டு நீவுவேன். காலுக்குக் கீழே யார், என்ன என்று குனிந்து பார்த்ததே இல்லை. சக்தி, சக்தி என்றார்களே, என் காலில் ஒன்றும் ஓடவில்லை. கூச்சம்தான் ஓடியது.

நம் வாத்தியார் வந்த கதையை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. பேய், பில்லி சூனியம், எல்லாம் மூடநம்பிக்கை என்று நமக்குப் பாடம் நடத்திய அதே வாரம். தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, முற்றத்து வேலியை ஒட்டி ஒட்டி வந்தார். படுத்துக்கொண்டு, "வகுப்புல சொல்லிராத தாயி" என்றார். பேசக் கூடாது என்று அம்மா அவரையே அதட்டினாள். மறுநாள் வாய்ப்பாடு தெரியாத எல்லாருக்கும் பிரம்படி விழுந்தது. என்னைத் தாண்டிப் போய்விட்டார். "அவளுக்கு மட்டும் ஏன் சார் இல்லை?" என்று எழுந்து கேட்டது யாரென்று சொல்ல மாட்டேன், அவள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

அந்த வருஷம்தான் நான் சட்டென்று வளர்ந்தேன். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஆண்கள் வெற்று முதுகோடு வந்து படுக்கும்போது எனக்கு உடம்பு கூசியது. "இனிமே நான் செய்யலம்மா" என்றேன். "ஒங்கய்யா முன்கயிறு இழுக்குறது எதுனாலங்கிறே?" என்றாள் அம்மா. நிஜம்தான். கரைவலையும் படகும் எங்கள் சம்மாட்டிக்குச் சொந்தம். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் வேலை. எந்திரிக்க முடியாமல் கிடந்த அவர் என் காலுக்குப் பிறகுதான் நடந்தார் என்பது ஊர் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகுதான் அய்யாவுக்கு அணியின் முன்னால் நிற்கிற இடம் கிடைத்தது. அய்யா அந்த இடத்தில் நிற்கும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் நிற்பார்.

இப்போது தொண்டி வீட்டுக்கு வருகிறேன். அம்மா மீன் கொண்டுபோய்க் கொடுக்கிற வீடுகளில் அது பெரிய வீடு. அந்த வீட்டு ஆண்கள் ஒரு காலத்தில் கப்பலில் சாமான் ஏற்றி வியாபாரம் செய்தவர்கள், பிறகு வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள். வீட்டம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நம் ஊர் வாசலில் வந்து படுக்க அவர்களால் ஆகாது. அதனால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வழுவழுவென்று சிவப்புத் தரை, அத்தர் வாசனை, ஊஞ்சல். நான் ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றேன்.

அந்தம்மா என் காலைப் பார்த்தார். மற்றவர்கள் பார்ப்பது மாதிரி இல்லை. பக்கத்தில் உட்காரவைத்து, பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். நான் இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாத மவளே. வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"யா அல்லா. தங்கச்சி, இந்தக் காலை எந்த டாக்டர்ட்டயாச்சும் காமிச்சியா?"

"அது அவ பொறந்தப்ப..." என்று அம்மா கதையை ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எந்தங்கச்சி மவனுக்கு அச்சு அசல் இதே மாதிரி காலு. கைப்புள்ளையில மதுரைக்குக் கொண்டு போயி மாவுக்கட்டு போட்டாக. அவிழ்த்து அவிழ்த்துப் போட்டாக. இன்னைக்கு அவன் ஓடுனா ஒன்னால புடிக்க ஏலாது. அவன் ஒண்ணும் காலால பொறக்கல. தலையாலதான் பொறந்தான்."

அம்மா கதையை நிறுத்திவிட்டாள். அவள் கதையைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. தொண்டியம்மா தன் முதுகில் என் காலை வைக்க விடவில்லை. "வளர்ற புள்ள, அது காலு என் மேல வேணாம்" என்று சொல்லிவிட்டு, தன் மகளுக்குச் சின்னதாகிப் போன ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார். சிவப்பு ரெக்சின், மேலே வார், வாரில் வெள்ளைப் பித்தான். வலது கால் கச்சிதமாக நுழைந்தது. இடது கால் நுழையவே இல்லை. எப்படித் திருப்பினாலும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தம்மா வலி தாங்காமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து எனக்கு ரஸ்க் எடுக்கப் போனார்.

அந்தச் செருப்பைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒற்றைச் செருப்போடு முற்றத்தில் நடந்து பார்ப்பேன். அது பிறகு எப்போது, எங்கே தொலைந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. அன்று திரும்பி வருகிற வழியில் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"அம்மா, மாவுக்கட்டு போட்டா என் காலு நேராயிருமா?"

"தெரியலத்தா."

"போவோமாம்மா?"

அம்மா காலிக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

எனக்கு அதற்கப்புறம் வேறு நினைப்பே இல்லை. நேரான கால் வேண்டும். இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். யார் முதுகிலும் கால் வைக்கக் கூடாது. தினமும் அம்மாவைக் குடைந்தேன். அம்மா அய்யாவிடம் சொன்னாள். அய்யா சம்மாட்டியிடம் கேட்டார். எங்கள் வீட்டுக் காலை நிமிர்த்துவதற்குச் சம்மாட்டியை ஏன் கேட்க வேண்டும் என்று இப்போது கேட்பீர்கள். அன்று கேட்காமல் எதுவும் நடக்காது. என் கால் ஊருக்குப் பொதுவாகிப் போயிருந்தது.

சம்மாட்டி கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். "ஏலே, கடலை நம்பிப் பொழைக்கிற நமக்கு ஆண்டவன் குடுத்த காலுடா. அதைப் போயி நிமித்துனா சக்தி நிக்குமா? ஆளுக்கொரு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நாம என்ன செய்ய?" என்றாராம். அய்யாவுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கிறது. "திருகுலதான் எல்லாம் இருக்குன்னு நீதானே சொன்னே" என்று அம்மாவிடம் திருப்பிச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மடி கரைக்கு வந்துவிட்டது. ஆண்கள் ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சூடையைத் தனியாக, காரலைத் தனியாக, நண்டைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மா பக்கத்தில் குந்தியிருந்தேன். அம்மா கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

"அண்ணே, ஒரு வார்த்தை."

சம்மாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"எம் மவ காலால பொறக்கல. தலையாலதான் பொறந்தா. பொறக்கையிலயே காலு இப்பிடித்தான் இருந்துச்சு. ஊரு பாத்துச் சிரிக்குமேன்னு நாந்தான் மருத்துவச்சி கையப் புடிச்சுக் கெஞ்சி அப்பிடிச் சொல்லச் சொன்னேன். அவ காலுல ஒண்ணுமில்லண்ணே. வெறும் கோணக்காலு. அதை வைத்தியம் பாக்க விடுங்க."

மீன் பிரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நான் காலை மணலுக்குள் புதைத்தேன். மணல் போதவில்லை, இன்னும் வாரி வாரிப் போட்டு மூடினேன். சக்தி இல்லை என்பது எனக்கு அவமானமா, அம்மா பொய்க்காரி என்பது அவமானமா, இத்தனை காலம் சும்மா மனிதர்கள் மேல் கால் வைத்தேன் என்பது அவமானமா, பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மொத்தமாகச் சுட்டது.

அப்புறம் ஒரு கிழவர் சிரித்தார். "பொய்யாமுல்ல? அப்ப நான் எந்திரிச்சது?" என்றார். "ஆறு நாளு குனிய முடியாம கெடந்தேன், அது மிதிச்ச அன்னைக்கே வலைக்குப் போனேன். அது பொய்யா?" என்றார் இன்னொருவர். ஒருத்தியின் பிரசவ முதுகுவலி, ஒருவனின் கழுத்துப் பிடிப்பு என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். மருத்துவச்சியைக் கேட்கலாம் என்றால் அவள் செத்துப் போயிருந்தாள். கடைசியில் சம்மாட்டி எழுந்து வந்து அம்மாவிடம் ரொம்ப அன்பாகப் பேசினார்.

"பெத்த மனசு, புள்ள காலுக்கு ஆசப்பட்டு ஏதோ சொல்லுது. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல தாயி. போயி மீனைப் பிரி."

உண்மையைச் சொன்னவளை யாரும் நம்பவில்லை. பத்து வருஷம் அவள் சொன்ன பொய்யை மட்டும் நம்பினார்கள். அம்மா உட்கார்ந்து மீன் பிரித்தாள். அன்று சாயங்காலம் அய்யா சோற்றில் கை வைக்கவில்லை. "நீ சொன்னது நெசமா?" என்று கேட்டார். அம்மா தலையசைத்தாள். அய்யா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப எம் முதுகு எப்பிடிச் சரியாச்சு?" என்றார். அவர் கேட்டது அம்மாவை மடக்குவதற்காக இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

அந்த வாரமே, தொண்டிக்கு மீன் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினாள். மதுரையிலிருந்து வந்து பார்க்கிற எலும்பு டாக்டர் ஒருவரைப் பற்றித் தொண்டியம்மா விசாரித்து வைத்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி நான் போனேன். கால் நேராகித் திரும்பி வரப்போகிறேன் என்று நினைப்பு.

டாக்டர் வீட்டு வராந்தாவில் நல்ல கூட்டம். நான் பெஞ்சுக்கு நடந்து போனேன். எதிரே ஒரு சின்னப் பையன், கையில் கட்டுப் போட்டிருந்தான், நான் நடப்பதையே பார்த்தான். "அம்மா, அந்த அக்கா நொண்டிம்மா" என்றான். அவன் தாய் "ச்சீ, பேசாம இரு" என்று வாயைப் பொத்தினாள்.

யாரைச் சொல்கிறான் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமில்லை.

உங்களுக்கு இது புரிகிறதா? நான் ஐந்து வருஷம் உங்களோடு பள்ளிக்கூடம் வந்தேன். சண்டை போட்டிருக்கிறோம், மண்டையை உடைத்திருக்கிறோம், கருவாச்சி, சளிமூக்கி என்று ஒருத்தியை ஒருத்தி சொல்லாத பேச்சு இல்லை. அந்த வார்த்தையை மட்டும் நீங்கள் ஒரு நாளும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. என் கால் அப்படிப்பட்ட கால் என்றே உங்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் வயதானவர். காலை இப்படியும் அப்படியும் அழுத்திப் பார்த்தார்.

"பிறந்தவுடனே கொண்டுவந்திருந்தா மாவுக்கட்டிலேயே சரி பண்ணியிருக்கலாமேம்மா. இப்ப எலும்பு இறுகிப்போச்சு. மதுரையில மாசக்கணக்கா தங்கி ஆபரேஷன் பண்ணணும். அப்பவும் முழுசா நேராகும்னு சொல்ல முடியாது. இத்தனை வருஷம் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

கேள்வி அப்படியே நின்றது. யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னேன்.

"நான் சுளுக்கு எடுத்துக்கிட்டு இருந்தேன் சார்."

டாக்டருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் நம் பக்கத்துக்காரி போலிருக்கிறது, அவள் விளக்கினாள். விளக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் சிரித்தார். கேலி இல்லை, பிள்ளைப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்புதான். ஆனால் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. என் கதையைச் சொல்லி ஊரையே வாய் பிளக்க வைத்தவள், சீட்டை வாங்கிக்கொண்டு "வாரேங்கய்யா" என்று சொல்லக்கூடக் குரல் வராமல் வெளியே வந்தாள்.

பஸ்ஸில் நான் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் போய் உட்கார்ந்து, காலைச் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டேன். மெயின் ரோட்டில் இறங்கும்போது சாயங்காலம். அங்கிருந்து ஊருக்கு மணலில் நடக்க வேண்டும். கரையில் ஆள் நடமாட்டம் இருந்தது, வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"ஏண்டி?"

"நான் நடந்தா தெரியும்."

"தெனமும்தானே நடக்குற?"

"அப்ப எனக்குத் தெரியாது."

அம்மா கூடையை இடது கையில் மாட்டிக்கொண்டு, குனிந்து, என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நான் அவள் தோளுயரம் இருந்தேன். என் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. மணலில் அவள் பாதம் புதையப் புதைய ஊர் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரோ "புள்ளைக்கு என்ன?" என்று கேட்டதற்கு, "ஒறங்கிட்டா" என்றாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். வீட்டு வாசலில் என்னை இறக்கியபோது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நிமிர முடியவில்லை.

மதுரைக்குப் போகவில்லை. என் கால் உங்களுக்குத் தெரிந்த கால்தானே. அய்யா வேண்டாம் என்றார், மாசக்கணக்கில் தங்கவும் வழியில்லை, நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுத்த வருஷம் பெரியமனுஷி ஆனேன், அதோடு ஆண்கள் வருவது நின்றது. பெண்கள் மட்டும் என் கல்யாணம் வரைக்கும் வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ராமநாதபுரத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலையைப் பற்றி.

விழித்தபோது இன்னும் முழுசாக விடியவில்லை. அய்யா வலைக்குப் போய்விட்டார். வாசலில் யாரோ படுத்திருந்தார்கள். யார் இவ்வளவு சீக்கிரம் என்று எரிச்சலோடு வந்தேன். அம்மா. நிலைப்படியில் குப்புறப் படுத்திருந்தாள், ரவிக்கைக்குக் கீழே முதுகில் சேலையை விலக்கிவிட்டு.

"வையிடி" என்றாள்.

"அம்மா, அதுல ஒண்ணும் இல்லைன்னு நீதானே சொன்னே."

"பேசக் கூடாது. வையி."

என் தோளைப் பிடித்துக்கொள்ள அன்று யாருமில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தேன். பெற்றவள் முதுகில் கால் வைக்கிறோம் என்று உடம்பெல்லாம் கூனிக் குறுகியது. ஊறுகாய்ப் பானையைப் பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினேன், அவள் முனகினாள், குனிந்துவிட்டேன். முதல் தடவையாக என் காலுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தேன். கூடை சுமந்து ஒரு பக்கம் சாய்ந்த முதுகு. தண்டெலும்புக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். என் பாதத்தின் கோணல் ஓரம் அந்தப் பள்ளத்தில் போய் அப்படியே பொருந்தியது. நேரான காலாக இருந்தால் அங்கே போயிருக்காது. கொஞ்சம் கீழே இறக்கினேன். அங்கே ஓரிடத்தில் சதை முடிச்சுப் போட்டுக் கெட்டியாக இருந்தது. அது என் காலுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லாமல், அந்த இடத்தில் நிறுத்தி, என் கனத்தை மெதுவாக அதன்மேல் இறக்கினேன். அம்மா மூச்சைப் பிடித்தாள். முடிச்சு அசைந்த மாதிரி இருந்தது. அம்மா மூச்சை விட்டாள்.

நான் காலை எடுத்தேன். அவள் கையை ஊன்றி எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் முற்றத்தில் இறங்கினாள். பேசக் கூடாது என்பது தெரிந்தும் கேட்டேன்.

"வலி போச்சாம்மா?"

"போச்சு" என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே.

தண்ணீர்க் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வேலித் திருப்பம் வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தாள். அந்தத் திருப்பத்துக்கு அப்பால் எப்படி நடந்தாள் என்று எனக்குத் தெரியாது.